உறுமும் தொண்டை ஏன் கிழிவதில்லை?

நேபாம் டெத் குழுவின் பாட்டை முதல் முறை கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இப்படிக் கத்தினால் தொண்டை என்னத்துக்கு ஆகும்?" நியாயமான கேள்விதான். 1981-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே மெரிடன் என்ற கிராமத்தில் தொடங்கிய குழு அது. பங்க் இசையின் கோபமும் மெட்டல் இசையின் கனமும் கலந்த 'கிரைண்ட்கோர்' உருவானதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாடகர் மார்க் 'பார்னி' கிரீன்வே 1989-இல் சேர்ந்தார். நடுவில் கொஞ்ச காலம் விலகியிருந்தார், அவ்வளவுதான். ஐம்பது வயதைத் தாண்டியும் மேடையில் அதே உறுமல். வெறும் கத்தலாக இருந்தால் இத்தனை வருஷம் தாங்கியிருக்காது.

குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. நாண் என்று பெயரே தவிர, அவை ஈரமான இரண்டு மடிப்புகள். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றுக்கு நடுவே புகும்போது மோதி விலகி, மோதி விலகி அதிர்கின்றன. ஓர் ஆண் சாதாரணமாகப் பேசும்போது நொடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை. கத்தினால் மோதலும் பலமாகிறது. கிரிக்கெட் பார்த்துக் கத்திவிட்டு மறுநாள் குரல் கம்மிப்போவது அந்த மடிப்புகள் வீங்குவதால்தான். வருஷக்கணக்கில் இப்படி அடி வாங்கினால் அவற்றில் சின்னச் சின்ன முடிச்சுகள்கூட விழும்.

இவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி இருக்கிறது. இவை தடிமனானவை, மிருதுவானவை. பொய்க் குரல்நாண்கள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் நாள் முழுக்க அவற்றுக்கு வேலை இருக்கிறது. கீழே இருக்கும் நாண்கள் வறண்டுபோகாமல் ஈரம் சுரந்து கொடுப்பது இந்தப் பகுதிதான். நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது மூச்சை அடக்கி 'ம்ம்க்' என்று முக்குகிறோமே, அப்போது காற்று வெளியேறாமல் அடைத்துப் பிடிப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

இப்போது தொண்டையில் சளி கட்டியதுபோல் லேசாக ஒரு தடவை செருமிப் பாருங்கள். நாக்குக்குப் பின்னால், கழுத்தின் மேல்பக்கம், ஏதோ இறுகி நெருங்குவது தெரியும். உறுமலுக்கான இடம் கிட்டத்தட்ட அதுதான். தேர்ந்த பாடகர் அந்தப் பகுதியை அளவாகக் குறுக்கி, கீழிருந்து வரும் காற்றில் பொய் நாண்களையும் அதிர விடுகிறார். காற்றின் அழுத்தத்தை வயிறும் விலாவும் பார்த்துக்கொள்கின்றன. கனமான அந்த மடிப்புகள் மெதுவாகவே ஆடும். பல சமயம் கீழே இருப்பவை இரண்டு தடவை அதிர்ந்தால் மேலே இருப்பவை ஒரு தடவை அதிரும். அதிர்வெண் பாதியாவதால் குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கியதுபோல் கேட்கிறது.

ரஷ்யாவின் தூவா பகுதி மக்கள் 'கர்கிரா' என்ற தொண்டைப் பாட்டில் பரம்பரையாகச் செய்துவருவதும் இதே வித்தைதான். அங்கே இரண்டு அதிர்வுகளும் ஒழுங்காக ஒத்துப்போவதால் ஒலி தம்புரா போலச் சீராக ஓடுகிறது. மெட்டல் பாடகர் அந்த ஒழுங்கை வேண்டுமென்றே குலைக்கிறார், கரகரப்பு அதிலிருந்து வருகிறது. சத்தத்தின் பெரும்பகுதியை மைக் பார்த்துக்கொள்ளும். பயிற்சியில்லாமல் வீட்டில் முயற்சி செய்து தொண்டை எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். எரிந்தால் முறை தப்பு என்று அர்த்தம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒரு மானைப் பற்றியது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் செம்மான் கத்தும்போது தன் குரல்வளையை நெஞ்சை நோக்கிக் கீழே இழுத்துக்கொள்கிறது. குரல் பயணிக்கும் குழாய் நீள, ஒலி ஆழமாகிறது. கேட்கிற எதிராளிக்கு, உள்ளதைவிடப் பெரிய மிருகம் நிற்பதாகத் தோன்றும். குரல்வளையை இறக்கி, உதட்டைக் குவித்து 'ஓ' என்று உறுமும் பாடகரும் அதையேதான் செய்கிறார்.

அரங்கில் நிற்பவருக்கு மயிர்க்கூச்செறிவதற்கும் காரணம் உண்டு. சத்தத்தின் பலம் நொடிக்கு ஏறக்குறைய 30 முதல் 150 தடவை ஏறி இறங்கும் ஒலியை நம் காது சொரசொரப்பாக உணர்கிறது. மனிதனின் அலறலும் அபாய மணிகளும் இந்த வரம்புக்குள் வருவதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா இத்தகைய ஒலிக்குக் கூடுதலாகத் துடிக்கிறது. ஆபத்தில்லாத இடத்தில் நின்றுகொண்டு அந்தத் துடிப்பை ஆயிரம் பேரோடு பகிர்ந்துகொள்வதில்தான் இந்தக் கச்சேரிகளின் சுகம் இருக்கிறது. காதில் மட்டும் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான்.

1977-இல் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் தொடங்கிய டிஸ்சார்ஜ் போன்ற பங்க் குழுக்களின் பாணி வேறு. அது பேச்சுக்கு நெருங்கிய கத்தல், அதனால் சொற்கள் ஓரளவு பிடிபடும். உறுமலில் அந்தச் சொரசொரப்பே சொற்களை மூடிவிடுகிறது. இது எனக்கு வருத்தம்தான். போரையும் சுரண்டலையும் எதிர்த்து அக்கறையோடு எழுதப்பட்ட வரிகள் அவை. கிரீன்வேவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது எதைப் பற்றியது என்று பர்மிங்காம் வட்டாரப் பேச்சில், தெளிவான சாதாரணக் குரலில் சொல்கிறார். பொய் நாண்கள் அதற்குள் விலகி, ஓரமாக ஒதுங்கியிருக்கும்.