அட்டவணையில் இருப்பதெல்லாம் அளந்தது அல்ல

சார்ம் பேரியான்கள், அதாவது மூன்று குவார்க்குகளில் ஒன்று கனமான 'சார்ம்' வகையாக இருக்கும் துகள்கள், பற்றி மாணவர்கள் ஸ்லைடு கொண்டுவந்தால் என் கண் முதலில் போவது ஸ்பின் (துகளின் உள்ளார்ந்த சுழற்சி), பாரிட்டி (கண்ணாடிப் பிம்பச் சமச்சீர்) என்று போட்டிருக்கும் கட்டத்துக்குத்தான். நிறை, ஆயுள், ஸ்பின் எல்லாம் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் இருக்கும். ஆனால் நிறை கருவி அளந்தது, ஸ்பின் பல சமயம் குவார்க் மாதிரி என்ற கோட்பாடு 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று சொன்னது. லாம்டா சி என்ற சார்ம் பேரியான் 1970-களின் நடுவிலேயே நமக்குத் தெரிந்த துகள். அதன் ஸ்பின் 1/2 தான் என்று சீனாவின் பெஸ்-3 ஆய்வுக் குழு உறுதி செய்தது 2021இல்!

வகைப்பாடு என்னவோ அழகானதுதான். கனமான சார்ம் குவார்க்கை ஓரமாக வைத்துவிட்டு மற்ற இரண்டு லேசான குவார்க்குகளின் ஜோடியைப் பாருங்கள்: அந்த ஜோடியின் ஸ்பின் 0 என்றால் லாம்டா சி, 1 என்றால் சிக்மா சி, ஒமேகா சி. இந்த அழகுதான் நம்மை அவசரப்படுத்துகிறது.

2017இல் ஐரோப்பிய துகள் ஆய்வகமான செர்னின் எல்.ஹெச்.சி.பி. குழு ஒரு நிறை வரைபடத்தை வெளியிட்டது. 3000 முதல் 3119 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (துகள் நிறையின் அலகு) வரை, சீப்புப் பல் மாதிரி ஐந்து மெல்லிய முனைகள், ஐந்தும் கிளர்வுற்ற, அதாவது கூடுதல் ஆற்றல் நிலையில் உள்ள, ஒமேகா சி. ஜோடிக்கும் சார்முக்கும் நடுவே ஒரு அலகு சுற்றுக் கோண உந்தம் சேர்த்தால் குவார்க் மாதிரியும் சரியாக ஐந்து நிலைகள்தான் தரும்: ஸ்பின் 1/2 இரண்டு, 3/2 இரண்டு, 5/2 ஒன்று. அப்புறம் என்ன, நிறை வரிசையில் ஒட்டிவிட வேண்டியதுதானே? ஆனால் அதே குழு 2021இல் ஒமேகா பி (சார்முக்குப் பதில் இன்னும் கனமான 'பாட்டம்' குவார்க் உள்ள துகள்) சிதைவுகளில் தேடியபோது நான்கு முனைகளே தெரிந்தன. அவற்றுக்கு வரிசையாக 1/2, 1/2, 3/2, 3/2 என்று போடுவது 3.5 சிக்மா (இங்கே துகள் அல்ல, புள்ளியியல் உறுதியின் அளவு) அளவில் தள்ளுபடியானது.

சரி, அளந்த எண் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? ஒமேகா சி-யின் ஆயுள் நெடுங்காலம் 69 ஃபெம்டோ நொடி (நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் 69 பங்கு) என்று, கூட்டியோ குறைத்தோ 12 என்ற பிழையோடு அட்டவணையில் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவை மிகச் சில நிகழ்வுகள். 2018இல் சுமார் ஆயிரம் சிதைவுகளை வைத்து அளந்தபோது வந்தது 268, ஏறக்குறைய நான்கு மடங்கு. தன் வகையிலேயே மிகக் குறைந்த ஆயுள் கொண்டது என்று பாடம் எடுத்த துகள், லாம்டா சி-யைத் தாண்டிப் போய்விட்டது. 2022இல் ஜப்பானின் பெல்-2 ஆய்வுக் குழு தனியாக அளந்தும் பழைய எண் திரும்பி வரவில்லை.

அதனால் என்னிடம் ஸ்லைடு காட்டுபவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: அளக்காத ஸ்பினை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் பிழையையும் எத்தனை நிகழ்வு என்பதையும் எழுதுங்கள், இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.