பீட்டில் காரின் கியர்பாக்ஸும் இறுகிப்போன டிரெயின் பிளக்கும்

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் கியர்பாக்ஸுக்கு அடியில் ஓர் எஃகு மூடி உண்டு. எண்ணெய் மாற்றக் கழற்றும் டிரெயின் பிளக் அதுதான். நடுவில் அறுகோணக் குழி இருக்கும். அதில் 17 மி.மீ. அலென் கீ பொருந்தும். பல ஆண்டுகள் யாரும் தொடாத வண்டியில் இந்த மூடி எளிதில் அசைவதில்லை. ஒரு நீளக் குழாயைக் கீயில் மாட்டி முழு பலத்தையும் போடத்தான் யாருக்கும் கை வரும். மூடி போனால் வேறு வாங்கலாம். கியர்பாக்ஸின் கூடு விரிசல் விட்டாலோ பெருஞ்செலவு. அதனால் மூடியை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அந்தப் பிடியைத் தளர்த்திய பிறகே திருக வேண்டும்.

மரை என்பது உருளையைச் சுற்றி ஏறும் ஒரு சாய்தளம். இந்த அளவு மூடியில் அதன் சரிவு ஒன்றிரண்டு டிகிரிதான். அவ்வளவு சிறிய சரிவில் உராய்வை மீறி எதுவும் தானாக வழுக்காது; வண்டி ஓடும்போது மூடி எளிதில் கழன்று விழாமல் இருப்பது இதனால்தான். போதாததற்கு இந்த மூடியின் மரை கூம்பு வடிவம். திருகத் திருக ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிக் கூட்டை அழுத்தும். எண்ணெய் கசியாமல் காப்பதும் அந்த அழுத்தம்தான்.

இதெல்லாம் புது வண்டியிலும் உள்ளதுதான். பழைய வண்டியில் கூடுதலாகச் சேர்வது அரிப்பு. பீட்டிலின் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்புறத்தில் இருக்கின்றன. பின்பாரத்தைக் குறைக்க இரண்டின் கூடுகளையும் மெக்னீசியம் கலவையில் வார்த்தார்கள். ஒரு கன சென்டிமீட்டர் மெக்னீசியம் 1.74 கிராம், இரும்போ 7.87 கிராம். ஆனால் நாம் அன்றாடம் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தும் உலோகங்களில் எலக்ட்ரானை மிக எளிதாக இழப்பது மெக்னீசியம். இந்தப் போக்கை அளப்பது திட்ட மின்முனை அழுத்தம்; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு எளிதாக எலக்ட்ரான் போகும். மெக்னீசியத்துக்கு அது −2.37 வோல்ட், இரும்புக்கு −0.44. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் சாலையின் உப்புத் தண்ணீர் புகுந்தால், அங்கே ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடும். எஃகு தப்பிக்கும், மெக்னீசியம் கரையும். கரைந்தது வெள்ளைப் பொடியாக மாறி, முன்பிருந்த உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். மரையின் இடுக்கில் இடமேது? பொடி இறுகி, மூடியை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். உள்பக்க மரையைக் கியர் எண்ணெய் காப்பாற்றிவிடும்; தண்ணீர் படும் வெளிப்பக்க மரைகளில்தான் பிடி அதிகம்.

இறுகிய மரையின் இடுக்கில் புகுந்து தளர்த்தும் மெல்லிய எண்ணெய் ஒன்று உண்டு, ஊடுருவும் எண்ணெய். அதன் வேலை அங்கேதான். மூடி அடியில் இருப்பதால் எண்ணெய் மேல்நோக்கி ஏற வேண்டும். ஏறுமா என்றால், குறுகிய இடுக்கில் திரவம் தானாக ஏறும் நுண்புழை ஈர்ப்பால் தாராளமாக ஏறும்: 0.05 மி.மீ. இடைவெளி இருந்தால் மெல்லிய எண்ணெய் 10 செ.மீ. வரைகூட ஏறக்கூடியது. ஆனால் பொடி அடைத்த வழியில் அது ஊர்ந்துதான் போகும். முதல் நாள் இரவு ஒரு முறை, காலையில் ஒரு முறை விட்டுப் பொறுத்திருக்க வேண்டும். இடையிடையே சிறிய சுத்தியலால் லேசாகத் தட்டலாம். அந்தப் பொடி நொறுங்கும் தன்மை கொண்டது. அதிர்வில் கீறல் விட்டு எண்ணெய்க்கு வழி கொடுக்கும். பலமாக அடித்தால் கூடு விரிசல் விடலாம். கழற்றுமுன் சற்று இறுக்கிப் பார் என்று சாதாரண போல்ட்டுக்குச் சொல்லும் யோசனையும் இங்கே கூடாது. காரணம் மூடியின் கூம்பு வடிவம்: இறுக்கினால் இன்னும் உள்ளே இறங்கிவிடும்.

நம் பக்கம் நிற்கும் பெரிய துணை வெப்பம். ஒரு டிகிரி சூட்டுக்கு எஃகைப் போல மெக்னீசியம் இரண்டு மடங்குக்கு மேல் விரியும். 24 மி.மீ. துளையையும் அதிலுள்ள மூடியையும் சேர்த்து இருப்பதைவிட 80 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால், துளை மூடியைவிட ஏறக்குறைய 0.03 மி.மீ. கூடுதலாக அகலும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லைதான். என்றாலும் இறுக்கம் தளர அது போதும். அரைமணி நேரம் வண்டியை ஓட்டி வந்தாலே பாதி சூடு கிடைத்துவிடும், மீதியைச் சூடான காற்று வீசும் ஹீட் கன் தரும். கேஸ் பர்னரை மட்டும் தயவுசெய்து அருகே கொண்டுவர வேண்டாம். மெக்னீசியம் 650 டிகிரியில் உருகும். அதன் துகளும் சீவலும் அதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி நெருப்பு இன்னும் பெரிதாகும். கார்பன் டை ஆக்சைடும் அதை அணைக்காது.

கீயை வைக்குமுன் இரண்டு வேலைகள். பக்கவாட்டில் உள்ள எண்ணெய் ஊற்றும் மூடி கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். எண்ணெயை வடித்த பிறகு அது திறக்காவிட்டால், ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும். அப்புறம், அறுகோணக் குழியில் இறுகிய மண்ணை ஊசியால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். மண் இருந்தால் கீ பாதி ஆழம்தான் போகும், விளிம்புகள் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்திவிட்டுத்தான் அடியில் போக வேண்டும்.

60 செ.மீ. கம்பியின் நுனியில் 30 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு கொடுத்தால் சுமார் 180 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அதற்கும் அசையவில்லையா? பலத்தைக் கூட்டாமல் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் திரும்புவதுதான் சரி. ஒரு முறை அசைந்துவிட்டால் பாதி வெற்றி. கூம்பு மரை என்பதால் சில சுற்றிலேயே இறுக்கம் விட்டுவிடும். வழியில் தடை தெரிந்தால் சற்றுப் பின்னால் திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி முன்னால் கொண்டுவர வேண்டும். பொடி மரையைக் கீறாமல் வெளியேறும்.

குழியே தேய்ந்துபோனால், பக்கவாட்டில் உள்ள ஊற்றும் மூடியின் துளை வழியாகக் குழாய் விட்டுப் பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடலாம். கொஞ்சம் மிஞ்சும், ஆனால் கூடு பிழைக்கும். மூடியைத் திரும்பப் போடும்போது மரையைத் துடைத்து, தண்ணீர் புகாதபடி சீலன்ட் பூசி, அளவாக இறுக்கினால் போதும். பிறகு ஊற்றும் துளையின் கீழ் விளிம்பில் எண்ணெய் எட்டும் வரை மெதுவாக ஊற்ற வேண்டும். கெட்டியான எண்ணெய் உள்ளே பரவ நேரம் எடுக்கும். வழிந்துவிட்டதே என்று உடனே நிறுத்தாமல், சில நிமிடம் கழித்து மறுபடி ஊற்றிப் பார்க்கவும்.