மெட்ஸ் யெகெர்ன்: ஆர்மீனியர்கள் வைத்த பெயர்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 24 அன்று உலகச் செய்திகளில் ‘மெட்ஸ் யெகெர்ன்’ என்றொரு தொடர் அடிபடும். உதுமானியப் பேரரசில் 1915-இல் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலைக்கு அந்த மக்கள் தங்கள் மொழியில் சொல்லும் பெயர் அது. ஆங்கிலச் செய்தியைப் பார்த்து எழுதினால் தமிழில் ‘பெருந்துயரம்’ என்றோ ‘பேரவலம்’ என்றோதான் வரும். இரண்டுமே பிழை. அந்தப் பிழைக்குப் பின்னால் ஒரு நீண்ட அரசியல் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

‘மெட்ஸ்’ என்றால் பெரிய. இதில் சிக்கல் இல்லை. ‘யெகெர்ன்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆர்மீனியத்தில் தீங்கு, கேடு என்ற பொருளும் உண்டு. ஆனால் இன்று வழங்கும் மொழியில் அது கொடுங்குற்றத்தைக் குறிக்கும் சொல். இதற்குச் சான்று தேடி எங்கும் அலைய வேண்டாம். ‘யெகெர்னகோர்ட்ஸ்’ என்றால் ஆர்மீனியத்தில் குற்றம் புரிந்தவன், பாதகன். ‘கோர்ட்ஸ்’ என்பது செயல். நிலநடுக்கத்தையோ வெள்ளத்தையோ செய்தவன் என்று யாரையும் காட்ட முடியாது. யெகெர்னைச் செய்தவன் என்று ஒருவனைக் காட்ட முடியும். அந்தச் சொல்லுக்குள்ளேயே செய்தவன் நிற்கிறான்.

நடந்தது இதுதான். 1915 ஏப்ரல் 24 இரவு, பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மீனியக் கவிஞர்கள், பத்திரிகையாளர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள் என்று இருநூறுக்கும் மேற்பட்டோரை அரசு கைது செய்து சாங்கிரி, ஆயாஷ் ஆகிய ஊர்களுக்குக் கொண்டுபோனது. பெரும்பாலானோர் திரும்பவில்லை. கவிஞர் தானியேல் வருஷான் அந்த ஆகஸ்டில் கொல்லப்பட்டார். நாட்டுப்புறப் பாடல்களை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த இசையறிஞர் கோமிதாஸ் உயிரோடு திரும்பினார், ஆனால் மனம் உடைந்துபோனார். பாரிஸ் அருகே ஒரு மனநல மருத்துவமனையில் 1935-இல் இறந்தார். கைதுகள் நடந்த அடுத்த மாதமே ‘இடமாற்றச் சட்டம்’ வந்தது. ஆண்களைப் பிரித்தெடுத்துக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சிரியப் பாலைவனத்தில் டேர் எஸ்-ஸோர் நோக்கி நடக்கவைத்தார்கள். வழியில் பசி, நோய், கொள்ளை, வல்லுறவு, கொலை. மாண்டவர்கள் பத்து இலட்சம் முதல் பதினைந்து இலட்சம் வரை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

இவ்வளவுக்கும் ‘இடமாற்றம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பெயரை வைத்து மறைக்கும் வேலை அன்றே தொடங்கிவிட்டது.

தப்பிப் பிழைத்தவர்கள் தங்களுக்குள் பேசியது எளிய சொற்களில்தான். ‘சார்ட்’ என்றார்கள், கூட்டக் கொலை என்று பொருள். ‘அக்சோர்’ என்றார்கள், நாடு கடத்தல் என்று பொருள். பாட்டி சொல்லும் கதையில் ‘சார்ட் நடந்த சமயம்’ என்றுதான் வரும். ‘அகெட்’ என்ற சொல்லும் உண்டு. அதற்குத்தான் பேரிடர், பேரழிவு என்று பொருள். ‘யெகெர்ன்’ 1915-க்கும் முந்தியது. 1909 ஏப்ரலில் அதானா நகரத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஆர்மீனியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டபோதே அதை யெகெர்ன் என்று எழுதினார்கள். ஆறே ஆண்டுகளில் அதையும் விஞ்சியது வந்ததால் ‘மெட்ஸ்’ என்ற அடை தேவைப்பட்டது.

‘ஜெனோசைட்’ என்ற ஆங்கிலச் சொல் அப்போது பிறக்கவே இல்லை. 1915 மே 24 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் கூட்டாக விட்ட அறிக்கையில் ‘மனிதகுலத்துக்கும் நாகரிகத்துக்கும் எதிரான குற்றங்கள்’ என்றுதான் சொல்ல முடிந்தது. ‘ஜெனோசைட்’ என்ற சொல்லை 1944-இல் உருவாக்கியவர் போலந்து யூதச் சட்ட அறிஞர் ராஃபேல் லெம்கின். கிரேக்க ‘கெனோஸ்’ (இனம்), லத்தீன் ‘சைட்’ (கொலை) இரண்டையும் ஒட்டவைத்தார். அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது ஆர்மீனியர்களின் கதை. 1921 மார்ச்சில் பெர்லின் தெருவில், படுகொலையின் முதன்மைச் சூத்திரதாரியான தலாத் பாஷாவைச் சோகோமோன் தெஹ்லிரியன் என்ற ஆர்மீனிய இளைஞர் சுட்டுக்கொன்றார். ஜெர்மன் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மாணவரான லெம்கின் தன் பேராசிரியரிடம் கேட்டாராம்: தலாத்தை ஏன் யாரும் கைது செய்யவில்லை? கோழி வளர்ப்பவன் தன் கோழிகளைக் கொன்றால் அது அவன் பாடு, நாம் தலையிட முடியாது என்று பதில் வந்ததாம். லெம்கினே பிற்காலத்தில் எழுதிவைத்த செய்தி இது. ஒருவனைக் கொன்றால் கொலை, இலட்சம் பேரைக் கொன்றால் உள்நாட்டு விவகாரமா என்ற கேள்வி அவரை விடவே இல்லை. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை ஏற்றது.

புதிய சொல்லை ஆர்மீனியர்கள் உடனே தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள்: ‘செகஸ்பனுத்யுன்’. ‘செக்’ இனம், ‘ஸ்பனுத்யுன்’ கொலை. நம் ‘இனக்கொலை’ போலவே அமைந்த கூட்டுச்சொல். மெட்ஸ் யெகெர்ன் அதனால் வழக்கொழியவில்லை. ஒன்று சட்டச் சொல், மற்றொன்று அந்த ஒரு நிகழ்வுக்கு மட்டுமே உரிய பெயர். வீட்டிலும் தேவாலயத்திலும் இரண்டும் அடுத்தடுத்து வரும்.

இப்போது அரசியலுக்கு வருவோம். உதுமானியப் பேரரசின் வழிவந்த துருக்கி அரசு இனப்படுகொலை என்ற சொல்லை இன்றும் ஏற்பதில்லை. ‘1915 நிகழ்வுகள்’ என்கிறது. துருக்கியோடு உறவைக் கெடுத்துக்கொள்ள விரும்பாத நாடுகளுக்கு ஆர்மீனியச் சொல்லே ஒரு மறைவிடம் ஆனது. அமெரிக்க அதிபர் புஷ்ஷின் ஏப்ரல் அறிக்கையில் ‘பேரிடர்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் வந்தது, ஆர்மீனியர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள் என்ற விளக்கத்தோடு. ஒபாமா 2008 தேர்தல் பிரச்சாரத்தில் இனப்படுகொலை என்று ஏற்பதாக வாக்களித்தார். பதவிக்கு வந்த 2009 முதல் மெட்ஸ் யெகெர்ன் என்ற தொடரையே மொழிபெயர்க்காமல் எடுத்தாண்டு, சட்டச் சொல்லைத் தவிர்த்தார். ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு அது ஏதோ துக்கச் சொல்லாகப் படும். ஒரு மக்கள் தங்கள் காயத்துக்கு இட்ட பெயரையே, அந்தக் காயத்தை ஏற்காமல் இருக்கப் பயன்படுத்துவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. 2021-இல்தான் பைடன் இரண்டு சொற்களையும் ஒரே அறிக்கையில் சேர்த்து எழுதினார். அதற்கு முன்பே, 2019-இல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றியிருந்தன. முதலில் ஏற்ற நாடு உருகுவே, 1965-இல்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘துயரம்’, ‘அவலம்’ இரண்டும் பட்டவரின் நிலையைச் சொல்கின்றன. ‘பேரழிவு’ சுனாமிக்கும் பொருந்தும். ‘பெருங்கொடுமை’ கொஞ்சம் நெருங்கி வருகிறது, ஆனால் ‘என்ன கொடுமை இது’ என்று வெயிலைப் பார்த்தும் சொல்கிறோமே. ‘பெருங்குற்றம்’ பொருளில் துல்லியம், ஓசையில் காவல் நிலைய நெடி. என் தேர்வு ‘பெரும்பாதகம்’. வடசொல்தான், இருந்தாலும் தமிழில் ஊறிய சொல். கொலையைப் பஞ்சமா பாதகத்தில் ஒன்றாக எண்ணும் வழக்கு நமக்கு உண்டு. பாதகம் என்றதும் பாதகன் வந்து நிற்பான், ஆர்மீனியத்தில் யெகெர்னகோர்ட்ஸ் நிற்பதைப் போல. தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் ‘பெருங்கொடுங்குற்றம்’ என்று நீட்டாமல் ‘பெரும்பழி’ என்று எழுதலாம். கொலைப்பழி என்ற வழக்கு அதற்குத் துணை.

சட்டப் பொருளுக்கு ‘இனப்படுகொலை’ நிலைபெற்றுவிட்டது. இதில் ‘படு’ என்பது கடுமையைக் காட்டும் முன்னொட்டு. படுபாவி, படுமோசம் என்பதில் வருவது போல. ‘இனவழிப்பு’ என்ற சொல்லும் ஈழத்து எழுத்தில் வேரூன்றியது. கொல்வதோடு நில்லாமல், குழந்தைகளைப் பறித்து வேறு இனத்தாரிடம் கொடுப்பதையும் பிறப்பைத் தடுப்பதையும் ஐ.நா. ஒப்பந்தம் சேர்த்துச் சொல்வதால், அதன் முழு வீச்சுக்கு இனவழிப்பு இன்னும் பொருத்தம். ஆர்மீனியக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பெயரும் மதமும் மாற்றி வளர்க்கப்பட்டார்கள். அதைக் கொலை என்ற சொல் பிடிக்காது.

நினைவுகூர்வதற்கும் ஒரு சொல் தேவை. ‘அனுசரிப்பு’ அலுவலகச் சொல், ‘கொண்டாட்டம்’ என்ற பேச்சே வேண்டாம். முள்ளிவாய்க்காலுக்காக ஈழத்தமிழர் வழங்கும் ‘நினைவேந்தல்’ இங்கே அப்படியே பொருந்தும், ஏனெனில் ஆர்மீனியர் செய்வதும் வெறும் அஞ்சலி அல்ல, அதில் கோரிக்கையும் உண்டு. 1919 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டான்டிநோபிளிலேயே முதல் நினைவேந்தல் நடந்தது. பிறகு அந்த நகரத்தில் பல பத்தாண்டுகள் அது பொதுவெளிக்கு வரவே முடியவில்லை. சோவியத் ஆர்மீனியாவிலும் நிலைமை வேறல்ல. 1965-இல், ஐம்பதாம் ஆண்டில், அதன் தலைநகர் யெரெவான் தெருக்களில் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் அனுமதியின்றித் திரண்டார்கள். மாஸ்கோ அதிர்ந்தது. இரண்டே ஆண்டில், 1967 நவம்பரில், அந்நகரின் சிட்செர்னகபெர்ட் குன்றில் நினைவகம் எழுந்தது. 44 மீட்டர் உயரத் தூண், வட்டமாகச் சாய்ந்து நிற்கும் பன்னிரண்டு கல் பாளங்கள், நடுவே அணையாச் சுடர். இன்றும் ஏப்ரல் 24 அன்று மக்கள் வரிசையாக ஏறி வந்து பூ வைக்கிறார்கள்; மாலைக்குள் சுடரைச் சுற்றிப் பூக்கள் சுவர்போல் எழும்பிவிடும். நூற்றாண்டான 2015-இல் அவர்கள் எடுத்த சின்னமும் ஒரு பூ, ஊதா நிறத்தில். அதன் பெயருக்கே ‘மறவாதே’ என்று பொருள். இஸ்தான்புல்லில் 2010 முதல் தக்சிம் பகுதியில் துருக்கியரும் ஆர்மீனியரும் சேர்ந்து கூடத் தொடங்கினார்கள். அண்மை ஆண்டுகளில் அதற்கும் தடை வந்திருக்கிறது. டேர் எஸ்-ஸோரில் இருந்த நினைவுத் தேவாலயத்தை 2014-இல் ஐ.எஸ். அமைப்பினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

சென்னைக்காரர்களுக்காக ஒரு செய்தி. பாரிமுனை அருகே உள்ள ஆர்மீனியன் தெருவைத் தமிழில் ‘அரண்மனைக்காரன் தெரு’ என்பார்கள். அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மீனியன் என்ற பெயர்தான் நம் நாவில் அப்படித் திரிந்தது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தாரார்’ 1794-இல் வெளிவந்ததும் சென்னையிலிருந்துதான்.

எழுதுவோருக்குச் சில வார்த்தை. ‘1915 கலவரத்தில் உயிரிழந்த ஆர்மீனியர்கள்’ என்று எழுதாதீர்கள். கலவரம் இரு தரப்பு மோதல், உயிரிழப்பு விபத்திலும் நேரும். ‘கொல்லப்பட்ட’ என்று எழுதுங்கள், யாரால் என்பதையும் சேர்த்து. ஆர்மீனியப் பெயரைக் குறிப்பிட நேர்ந்தால் ‘மெட்ஸ் யெகெர்ன், அதாவது பெரும்பாதகம்’ என்று பொருளோடு எழுதி, அதே வாக்கியத்திலோ அடுத்ததிலோ இனப்படுகொலை என்ற சொல்லையும் வையுங்கள். ‘யெகெர்ன்’ என்பதில் வரும் ‘க’ தொண்டைக்குள்ளிருந்து உரசி எழும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்தில்லை, ‘க’ போதும்.