நாரி நோவுக்கும் ஒரு வக்கடை உண்டு

மருதமுனையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கைத்தறியில் சாரம் நெய்கிறவர். நாரிப்பிடிப்பு மாதக்கணக்காக விடவில்லையாம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தேய்மானம் இருக்கு, மனக்கவலையும் ஒரு காரணம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "அப்ப என்ட நோவு பொய்யா?" என்பது அவர் கேள்வி.

பொய்யே இல்லை. கவலை நோவைக் கூட்டுவதற்கென்று உடம்புக்குள் நரம்புப் பாதையே போட்டிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் தெறிவில் பற்றிப் படித்திருப்பீர்கள். சூடான சட்டியில் கை பட்டால் செய்தி முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணுக்குப் போகும், கை தானாக இழுபடும், பிறகு மூளைக்குத் தெரியவரும். பாடம் அதோடு முடிந்துவிடும். மூளையிலிருந்து கீழே இறங்கிவரும் பாதையை யாரும் சொல்லித்தருவதில்லை. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள், முண்ணாணில் வலிச்செய்திக்கு ஒரு கதவு இருக்கவேண்டும் என்று எழுதினார்கள். மட்டக்களப்புப் படுவான்கரை வயற்காரருக்கு வக்கடை, அதாவது வரம்பில் தண்ணீர் பாய வெட்டும் வாய், என்றால் சட்டென்று விளங்கும். வரம்பை வெட்டிவிட்டால் தண்ணீர் பாயும், கட்டிவிட்டால் நிற்கும்.

மண்வெட்டி பிடிப்பவர் யார் என்பதுதான் எனக்கு அலுக்காத கதை. நடுமூளையின் உள்ளே ஒரு மெல்லிய கால்வாய் ஓடுகிறது. அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறப் பகுதியில் மின்சாரம் செலுத்தினால், மயக்கமருந்து இல்லாமலே எலியின் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்யமுடிகிறது என்று 1969இல் கண்டார்கள். அந்த இடத்திலிருந்து கட்டளை, மூளை முண்ணாணோடு சேரும் இடமான நீள்வளைய மையவிழையத்துக்கு இறங்குகிறது. அங்கே இரண்டு வகைக் கலங்கள் உண்டு. எலியின் வாலில் சூடு படும்போது, வாலை இழுப்பதற்குச் சற்று முன்னர் ஒரு வகை துடித்தெழும், மற்ற வகை அடங்கிப்போகும். முதல் வகை வக்கடையை வெட்டிவிடுகிறது, இரண்டாவது கட்டுகிறது. மோர்பின் கொடுத்தால் வெட்டுகிறவர் அடங்கி, கட்டுகிறவர் வேலையில் இறங்குகிறார். பயம், கவனம், எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் கையாளும் மூளைப் பகுதிகள் எல்லாம் அந்தச் சாம்பல் பகுதிக்கு நேரே நரம்பு அனுப்புகின்றன.

மனிதரிலும் சோதித்தாயிற்று. 1978இல் கலிபோர்னியாவில், கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டார்கள். சிலருக்கு நோ குறைந்தது. அவர்களுக்கு நலொக்சோன் கொடுத்ததும் நோ திரும்பக் கூடியது. நலொக்சோன் என்பது மோர்பினின் வேலையைத் தடுக்கும் மருந்து. மோர்பினே கொடுக்காதவரிடம் அது எதைத் தடுத்தது? நம்பிக்கையால் மூளை தானே சுரந்த மோர்பின் போன்ற பொருளை. இந்தச் சோதனையை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

மறுபக்கமும் உண்டு. 2011இல் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆய்வில், வீரியமான வலிமருந்து நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும்போதே "மருந்தை நிறுத்திவிட்டோம், இனி நோகலாம்" என்றார்கள். மருந்து ஏறியபடிதான் இருந்தது. ஆனால் அதன் பலன் ஏறக்குறைய முழுதும் காணாமல்போனது.

மட்டக்களப்பான் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைப்பான் என்று வெளியூரார் சொன்னால் சிரிப்போம். நாரி நோவோடு வந்தவரிடம் "உனக்கு யாரோ செய்வினை செய்திருக்கினம்" என்று சொல்லிப்பாருங்கள், மெய்யாகவே பாயோடு ஒட்டிக்கொள்வார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து "முள்ளந்தண்டு தேஞ்சுபோச்சு" என்று உதடு பிதுக்குகிறவரும் செய்வது அதே செய்வினைதான். முதுகு நோவே இல்லாதவர்களின் ஸ்கான் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வில், 20 வயதினரில் 37 வீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 வீதத்தினருக்கும் முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கில் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பதற்கு யாரும் ஒப்பாரி வைப்பதில்லையே! ஸ்கான் மெஷினுக்கு நன்கொடை திரட்ட எல்லோரும் ஓடுகிறார்கள். நோயாளியோடு அரை மணித்தியாலம் இருந்து பேச இன்னொரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று யாரும் மனுக் கொடுத்து நான் பார்க்கவில்லை.

பயந்தவர் குனியமாட்டார், நடக்கமாட்டார். தசை நலியும், பிறகு சின்ன அசைவும் நோகும், பயம் இரட்டிக்கும்.

தம்பி, தறியை விடவேண்டாம். ஆனால் நோ வந்தபிறகு எழும்பாமல், மணி பார்த்து எழும்புங்கள். இருபது நிமிடத்தில் நோகுமென்றால் பதினைந்தில் எழும்பி நாலு அடி நடந்துவிட்டு வாருங்கள். நோவு வந்து எழுப்பினால் "தறி ஆபத்து" என்று மூளை படிக்கும். மணி எழுப்பினால் அப்படிப் படிக்காது. சில நாட்கள் பழகியதும் ஓரிரு நிமிடமாகக் கூட்டலாம். கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடக்கமுடியாமல் போனாலோ மட்டும் இந்தக் கட்டுரையை நம்பிக்கொண்டிராமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.