மைனஸ் ஒன்று எங்கிருந்து வந்தது?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், "ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1" என்று ஒப்பித்துவிடுவார்கள். விடைத்தாளைத் திருத்தும்போதுதான் உண்மை தெரியும். சாய்வு 2/3 என்றால், அதாவது வலது பக்கம் 3 போனால் 2 ஏறும் கோடு என்றால், அதன் செங்குத்துக் கோட்டுக்கு ஒரு பிள்ளை −2/3 என்று எழுதியிருக்கும், இன்னொன்று 3/2 என்று எழுதியிருக்கும். ஒன்று குறியை மட்டும் மாற்றியது, மற்றது தலைகீழாக மட்டும் ஆக்கியது. இரண்டும் கவனக்குறைவு என்று பெற்றோர் திட்டுகிறார்கள். பல வருடங்களாக இந்தப் பாடத்தை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அது கவனக்குறைவு அல்ல. அந்தப் பிள்ளை ஒரு கோட்டைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி இந்தக் கணக்கோடு வந்தாள்: 2x − 3y + 6 = 0 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக, (5, 1) வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு என்ன?

"பெருக்கினா மைனஸ் ஒண்ணு, தெரியும் டீச்சர். ஆனா தப்பாவே வருது."

"ஏம்மா மைனஸ்? பிளஸ் ஒண்ணா இருந்தா என்ன?"

பதில் இல்லை. வரைபடத்தாளை எடுக்கச் சொன்னேன். எட்டு மதிப்பெண் கேள்விக்கென்று எல்லோரிடமும் அது இருக்கிறது, இந்தப் பாடத்தில் மட்டும் யாரும் தொடுவதில்லை.

கணக்கில் கொடுத்த கோட்டின்மேல் உள்ள (0, 2), (3, 4), (6, 6) ஆகிய புள்ளிகளைக் குறித்துக் கோடு வரைந்தாள். பழைய நோட்டு அட்டையில் அடி 3 கட்டம், உயரம் 2 கட்டம் உள்ள செங்கோண முக்கோணம் ஒன்றை வெட்டினோம். அதன் கர்ணம் (3, 4) முதல் (6, 6) வரை கோட்டின்மேல் படியும்படி வைத்தாள். (3, 4)-ல் இருக்கும் முனையைப் பேனாவால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அட்டையைக் கடிகாரத் திசையில் கால் வட்டம் திருப்பினாள். படுத்திருந்த 3 நின்றது, நின்றிருந்த 2 படுத்தது. கர்ணத்தின் மறுமுனை சரியாக (5, 1)-ல் போய் விழுந்தது.

"வலது பக்கம் 2, கீழே 3" என்று விரலால் எண்ணினாள். பிறகு அவளே, "ஏறின கோடு இப்ப இறங்குது டீச்சர், அதான் மைனஸ்" என்றாள். தலைகீழாவது ஏன், குறி மாறுவது ஏன், இரண்டுக்கும் அந்த ஒரே திருப்பம்தான் காரணம். சாய்வு −3/2.

அதன்பின் சமன்பாடு இரண்டே வரி. y − 1 = −3/2 (x − 5). சுருக்கினால் 3x + 2y − 17 = 0. சரிபார்க்க (0, 2), (3, 4), (5, 1) ஆகிய புள்ளிகளுக்கு இடையே தொலைவுகளைக் காணச் சொன்னேன். √13, √13, √26. 13-உம் 13-உம் சேர்ந்தால் 26. எட்டாம் வகுப்பிலேயே தெரிந்த பிதாகரஸ் தேற்றம் இங்கே வந்து சாட்சி சொன்னது.

குறிப்பாக ஒரு விஷயம். அட்டையைத் திருப்பும்போது இரண்டு அச்சிலும் ஒரே அளவுத்திட்டம் இருக்க வேண்டும். x அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று எடுத்தால் செங்கோணம் செங்கோணமாகத் தெரியாது, சரியாகச் செய்த பிள்ளையும் குழம்பிப் போகும்.

ட்யூஷனில் சொல்லித் தரும் குறுக்குவழி தெரியும். x, y கெழுக்களை (அவற்றுக்கு முன்னால் நிற்கும் எண்களை) இடம் மாற்று, ஒரு குறியை மாற்று, 3x + 2y + k = 0, புள்ளியைப் போட்டு k கண்டுபிடி. அது தவறே இல்லை, அட்டையைத் திருப்பிய பிறகு நானும் அதைத்தான் சொல்லித் தருகிறேன். முதலிலேயே கொடுத்துவிட்டால் மட்டும் ஒரு மாதத்தில் எந்தக் குறி, எந்த இடம் என்பதெல்லாம் கலங்கிவிடுகிறது. சமன்பாட்டிலிருந்து சாய்வைக் காணும்போது −2/−3 என்று வரும் இடத்தில் ஒரு மைனஸைத் தவறவிடுவதும் இருக்கிறது, அதற்குப் பயிற்சிதான் மருந்து.

அடுத்த நாள் அவளிடம் x = 4 என்ற கோட்டைக் கொடுத்து, (1, 7) வழியே செங்குத்துக் கோடு கேட்டேன். பேனாவை எடுக்கவில்லை.

"இதுக்குச் சாய்வே வரையறுக்க முடியாதே டீச்சர், எதை எதோட பெருக்குறது?" என்றாள். பிறகு நின்ற கோட்டின் குறுக்கே விரலைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, y = 7 என்று எழுதினாள்.