ஒன்றா, மூன்றா? ஒரு நெஞ்சுக் காயம் குறியீடாக மாறும் விதம்

ஒரு மருத்துவக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். "நெஞ்சில் 4 செ.மீ. கிழிகாயம். கழுவித் தையல் போடப்பட்டது." காயத்தை நேரில் பார்த்த மருத்துவருக்கு இவ்வளவு போதும். குறிப்பை மட்டுமே பார்த்து அதைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடருக்குப் போதாது. முன்பக்கமா, முதுகுப் பக்கமா? இடதா, வலதா? எல்லாவற்றையும் விட முக்கியம், எவ்வளவு ஆழம்?

அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் 1 முதல் நோய்களையும் காயங்களையும் ஐசிடி-10-சிஎம் என்ற தொகுப்பின்படி குறிக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலை விரித்து உருவாக்கியது அது. நெஞ்சுக்கூட்டின் திறந்த காயங்கள் அதில் எஸ்21 என்ற பிரிவில் வருகின்றன. எஸ்21.112ஏ என்ற குறியீட்டைப் பிரித்துப் பார்க்கலாம். புள்ளிக்குப் பின் வரும் முதல் 1, காயம் முன்சுவரில் இருக்கிறது, நெஞ்சறைக்குள் போகவில்லை என்கிறது. அடுத்த 1, கிழிகாயம், உள்ளே அந்நியப் பொருள் எதுவும் இல்லை என்கிறது. 2 என்றால் இடது பக்கம். கடைசியில் உள்ள 'ஏ', காயத்துக்கு நேரடிச் சிகிச்சை இன்னும் நடக்கிறது என்பதற்கு.

இப்போது அந்த முதல் 1-ஐ மட்டும் 3 ஆக்கிப் பாருங்கள். எஸ்21.312ஏ. அதே இடம், அதே பக்கம், அதே நீளம். ஆனால் இந்தக் காயம் நெஞ்சறைக்குள் போயிருக்கிறது. ஒரே ஒரு எண்தான் மாறியிருக்கிறது, நோயாளியோ முற்றிலும் வேறு நிலையில் இருக்கிறார்.

ஏன் என்று புரிய நெஞ்சுச் சுவரின் அடுக்குகளைப் பார்க்க வேண்டும். தோல், அதன் கீழ் கொழுப்பு, தசை, விலா எலும்புகள், அவற்றுக்கு நடுவே உள்ள தசைகள். இவை எல்லாவற்றுக்கும் உள்ளே ப்ளூரா என்ற மெல்லிய சவ்வு. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் சுவரின் உட்புறச் சவ்வுக்கும் இடையே உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. நுரையீரல் விரிந்து நிற்பதே அந்த வித்தியாசத்தால்தான். சவ்வில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே புகும், நுரையீரல் சுருங்கும். மேலே தெரியும் வெட்டு சிறியதாக இருக்கலாம், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதனால்தான் மருத்துவர்கள் நெஞ்சுக் காயத்துக்குள் கம்பியை விட்டு ஆழம் பார்ப்பதைத் தவிர்க்கிறார்கள். முழுசாக இருக்கும் ப்ளூராவை அந்தக் கம்பியே துளைத்துவிடலாம். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள். முதல் படம் சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பதுண்டு, காற்று மெதுவாகச் சேரக்கூடும். இன்னொரு சிக்கலும் உண்டு. மூச்சை முழுவதும் வெளியே விடும்போது உதரவிதானம் ஏறத்தாழ முலைக்காம்பு மட்டம் வரை மேலே ஏறும். ஆகவே அதற்குக் கீழே உள்ள "நெஞ்சுக் காயம்" வயிற்றுக்குள் இறங்கியிருக்கவும் கூடும்.

சரி, குறிப்பில் ஆழம் இல்லை. எக்ஸ்ரே அறிக்கையில் ப்ளூரா இடைவெளியில் காற்று இருப்பதாக வருகிறது. கோடர் தானே 3 போட்டுவிடலாமா? கூடாது. நோயாளியைப் பார்த்த மருத்துவர் எழுதியதுதான் குறியீட்டுக்கு ஆதாரம். கோடர் மருத்துவரிடம் கேள்வி அனுப்ப வேண்டும், அதுவும் பதிலைத் திணிக்காமல். "ப்ளூராவைத் துளைத்திருக்கிறதுதானே?" என்று கேட்கக் கூடாது. "காயத்தின் ஆழத்தைத் தெளிவுபடுத்தவும்" என்று கேட்கலாம். துளைத்ததாகவும் நெஞ்சறையில் காற்று சேர்ந்ததாகவும் மருத்துவர் எழுதினால், எஸ்21.312ஏ-வோடு, காற்று சேர்ந்ததைக் குறிக்கும் எஸ்27.0எக்ஸ்எக்ஸ்ஏ என்பதும் சேரும். இந்தக் கேள்வி-பதிலைச் சிலர் தேவையில்லாத இழுபறி என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அடுத்து வரும் மருத்துவர் நம்பப் போவது இந்தப் பதிவைத்தான்.

சொல் பற்றி ஒரு விஷயம். தடயவியலில் கிழிகாயமும் வெட்டுக்காயமும் வேறு வேறு: மழுங்கிய பொருள் தாக்கித் தோல் கிழிந்தால் முன்னது, கூரிய விளிம்பு அறுத்தால் பின்னது. குறியீட்டு அகராதியில் 'வெட்டு' என்று தேடினால் 'கிழிகாயம்' பார்க்கச் சொல்கிறது. ஆகவே கத்தியா கண்ணாடியா என்பதைச் சொல்ல வேறு குறியீடு வேண்டும், காயம் எப்படி நேர்ந்தது என்பதற்கான தனிக் குறியீடு.

அப்புறம், கடைசி எழுத்து. 'ஏ' என்றால் முதல் வருகை என்று பலர் நினைக்கிறார்கள். நேரடிச் சிகிச்சை தொடரும் வரை எத்தனை முறை வந்தாலும் 'ஏ' தான். காயம் ஆறிவரும் நாளில் தையல் பிரிக்க வந்தால் 'டி'.

தையலுக்குச் சிபிடி என்ற வேறு தொகுப்பு; அது நோயை அல்ல, செய்த சிகிச்சையைக் குறிப்பது. அங்கே நீளமும் அடுக்கும்தான் கணக்கு. உடற்பகுதியில் 4 செ.மீ. காயத்துக்கு ஓரடுக்குத் தையல் என்றால் 12002, ஆழமான அடுக்குகளையும் சேர்த்துத் தைத்தால் 12032. நெஞ்சில் 4 செ.மீ., கையில் 5 செ.மீ. என இரண்டு காயங்களுக்கும் ஓரடுக்குத் தையல் போட்டால், இரண்டையும் கூட்டி 9 செ.மீ., 12004. முகக் காயத்தை இதோடு கூட்டக் கூடாது, அது வேறு தொகுதி.

அந்த முதல் குறிப்பை இப்படி எழுதியிருக்கலாம்: "இடது நெஞ்சின் முன்சுவரில் 4 செ.மீ. கிழிகாயம். ஆழம் தோலடிக் கொழுப்பு வரை, தசைக்குச் சேதமில்லை. ப்ளூரா துளைபடவில்லை. அந்நியப் பொருள் இல்லை. எக்ஸ்ரேயில் காற்றோ ரத்தமோ இல்லை. ஓரடுக்குத் தையல்." கோடர் யாரையும் கேட்காமல் எஸ்21.112ஏ என்றும் 12002 என்றும் எழுதிவிடுவார். அந்த 1 அங்கே ஏன் நிற்கிறது என்பதற்கு அந்தக் குறிப்பே சாட்சி.