கதவில் புதுப் பூட்டு: மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு வீட்டில் என்ன உரிமை?

வீடு துணைவர் பெயரில் இருக்கும். தாலி கட்டியிருக்க மாட்டார்கள். உறவு முறிந்த மறுநாள் கதவில் புதுப் பூட்டு தொங்கும். ‘கல்யாணமே ஆகலையே, எந்த உரிமையில போய்க் கேக்கறது?’ என்று பல பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அப்படிக் கிளம்ப வேண்டியதில்லை. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் ‘குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005’ மனைவிக்கு மட்டுமானது அல்ல. ‘திருமணத்தின் தன்மையில் அமைந்த உறவில்’ வாழ்ந்த பெண்ணும் அதில் அடக்கம். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் சொத்துரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் குடியிருக்கலாம், சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவரை வெளியேற்றக் கூடாது என்கிறது 17-வது பிரிவு. வாடகை ஒப்பந்தம் ஆணின் பெயரில் மட்டும் இருந்தாலும் இதேதான்.

அடி விழுந்தால்தான் வழக்குப் போட முடியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் நுழைய விடாமல் தடுப்பதையே 3-வது பிரிவு பொருளாதார வன்முறை என்று சொல்கிறது. ஆகவே அந்தப் புதுப் பூட்டே சான்றுதான். அன்றே அதைப் படம் எடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையாவது பார்க்கச் சொல்லுங்கள். உடைத்துத் திறக்க வேண்டாம், அது உங்கள் மேல் புகாராகத் திரும்பும்.

வழக்கு பெரும்பாலும் தோற்பது ‘அது எந்த மாதிரி உறவு’ என்ற கேள்வியில்தான். 2010-ல் வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளை வகுத்தது: இருவரும் திருமண வயதை எட்டியிருக்க வேண்டும், மணம் செய்யச் சட்டத் தடை இருக்கக் கூடாது, கணவன் மனைவி போல ஊரறிய, கணிசமான காலம் தாங்களாக விரும்பி ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் தங்கிப் போனது போதாது. ஆணுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்தே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு 2013-ல் இந்திரா சர்மா வழக்கில் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. கசப்பான தீர்ப்புதான், ஆனால் மனுப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே ஆவணங்களைத் தேடுங்கள். அந்த முகவரியில் உள்ள ஆதார், கேஸ் ரசீது, நீங்கள் கட்டிய கரண்ட் பில், வாடகை அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், துணைவர் கையெழுத்திட்ட ஆஸ்பத்திரிப் படிவம் எல்லாம் உதவும். வாட்ஸ்அப் உரையாடலுக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். பழைய போனை விற்றுவிடாதீர்கள்.

181-க்கு அழைத்தாலும், மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போனாலும் இந்தச் சட்டப்படி உதவ நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். அவர் முதல் படிவத்தில் சம்பவ அறிக்கை எழுதுவார். மனுவை நீங்களே நேரடியாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவும் முடியும். இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றமே போதும். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-ல் அழையுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

மனு கிடைத்த 3 நாட்களுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க முயற்சி என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும். அதனால் மனுவோடு மூன்றாம் படிவத்தில் பிரமாணப் பத்திரம் வைத்து, 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். அவசரம் புரிந்தால் எதிர்த்தரப்பு வராமலேயே நீதிமன்றம் அதைத் தரலாம்.

19-வது பிரிவில் ‘குடியிருப்பு உத்தரவாக’க் கேட்கக்கூடியவை பல. வெளியேற்றத் தடை, வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ தடை, துணைவரை வெளியேறச் சொல்லும் உத்தரவு, அதே தரத்தில் மாற்று வீடு அல்லது அதன் வாடகை, உள்ளே மாட்டிக்கொண்ட சான்றிதழ், நகை போன்ற உங்கள் பொருட்களைத் திருப்பித் தரும் உத்தரவு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சொல்லும் 31-வது பிரிவு, ‘பாதுகாப்பு உத்தரவு’ (வன்முறை செய்யக் கூடாது என்று தடுக்கும் உத்தரவு) என்றுதான் குறிப்பிடுகிறது. குடியிருப்பு உத்தரவை மட்டும் வாங்கியவர், அது மீறப்படும்போது இந்தச் சொல்லில் சிக்கித் தவிக்கிறார். 18-வது பிரிவின் பாதுகாப்பு உத்தரவையும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள்.

இதெல்லாம் குடியிருக்கும் உரிமை மட்டுமே. வீட்டில் பங்கு கிடைக்காது. வாடகை வீடென்றால், சட்டப்படி காலி செய்யச் சொல்லும் வீட்டு ஓனரின் உரிமையும் அப்படியே இருக்கும். ஆணுக்கு இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை, அவர் பத்திரத்தையும் வாடகை ஒப்பந்தத்தையும்தான் நம்ப வேண்டும்.

பணம் போட்டு வாங்கிய வீடென்றால் பத்திரத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருவர் பெயரும் இருந்து, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார் என்று காட்ட முடியாவிட்டால் சரிபாதி என்று கொள்வார்கள். துணைவர் பெயரில் மட்டும் வாங்கியிருந்தால் நிலைமை மோசம். ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடை செய்யும் பினாமிச் சட்டம் கணவன் மனைவிக்குத் தரும் விலக்கு மணமாகாத இணைக்குக் கிடையாது, ‘பணம் என்னுடையது’ என்று வழக்குப் போடுவதே வினையாக முடியலாம். வீட்டுக் கடனில் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், பிரிந்த பிறகும் வங்கி உங்களிடமும் தவணை கேட்கும்.